மஞ்சள் விளக்கு காட்டிய திசை

எங்கள் அலுவலகத் தொலைபேசி சர்வரை வெளி டிஜிட்டல் தொலைபேசி இணைப்போடு சேர்க்கும் இ1 கார்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது. வெளி அழைப்புகள் போகவுமில்லை, வரவுமில்லை. சர்வரை மறுதொடக்கம் செய்தும், கார்டை மாற்றியும் பயனில்லை.

சர்வரின் அலாரப் பட்டியலில் வரும் மேஜர், மைனர் என்பவை பாதிப்பின் அளவைச் சொல்கின்றன. எங்கள் கார்டின் விளக்கு நிறமோ பழுது எந்தத் திசையில் என்பதைச் சொல்கிறது. நமக்குச் சிக்னல் வராவிட்டால் சிவப்பு. நாம் அனுப்புவது எதிர்முனையைச் சேராதபோது, அம்முனை 0ஆம் டைம்ஸ்லாட்டில் (பேச்சுக்கல்லாமல் இணைப்பின் ஒத்திசைவுக்கான நேரப் பகுதி) ஒரு பிட்டை 1 ஆக்கித் தெரிவிப்பதே மஞ்சள். ஆகவே மஞ்சள் எரிகிறது என்றாலே வரும் பாதை நன்றாக இருக்கிறது என்று பொருள். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கார்டில் செருகும் ஆர்ஜே45 பிளக்கில் 1ஆம் பின்னை 4உடனும் 2ஐ 5உடனும் இணைத்து, கார்டு அனுப்புவது அதற்கே திரும்பி வரும்படி லூப்பேக் கொடுத்ததும் விளக்கு பச்சையானது, கார்டில் குறையில்லை. பிறகு, அனுப்பும் ஜோடியான 4, 5 கம்பிகளை மட்டும் குரோன் பிளாக் (கம்பியின் உறையைக் கிழித்து இணைப்பு தரும் கட்டை) வரை தொடர்ந்து பார்த்தபோது, ஒன்று உறை கிழிபடாமலேயே செருகப்பட்டு, தொட்டும் தொடாமலும் நின்றது. கம்பியை அதில் செருகும் கருவியான பஞ்ச் டூலால் அழுத்திய சில நொடிகளில் மஞ்சள் அணைந்தது, பெரும் நிம்மதி. பட்டியலிலிருந்து மேஜர் அலாரம் நீங்கத்தான் இன்னும் சற்று நேரம் பிடித்தது.