பழைய ஜீப்பின் பிரேக்: எது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து?

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்த சிஜே-3பி ஜீப் இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. எஞ்சின் ஒரே வாரத்தில் ஓடிவிட்டது. பிரேக்குக்குத்தான் மாதக்கணக்கில் ஆனது. பாகங்கள் கிடைக்காமல் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். வாங்கி வந்த பாகத்தை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. முதல் தடவை செய்பவர்களுக்காக அதைத்தான் எழுதுகிறேன்.

வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த வண்டி இது. மகிந்திரா இதே வடிவத்தை இந்தியாவில் நெடுங்காலம் தயாரித்தது. நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்; உள்ளே ஷூக்கள் விரிந்து அதை உரசி நிறுத்தும்), ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது), ஒரே ஆயில் சுற்று. எந்த இடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். இந்த வேலையில் அவசரம் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

முதலில் கழற்றுவோம்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், வண்டியும் நகர்ந்துவிடும். ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள்; ஸ்டாண்ட் கட்டாயம்.

இடப்பக்கச் சக்கர நட்டுகள் வழக்கமாக இடது மரை; கழற்ற ஸ்பானரைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். நட்டு வரவில்லை என்று பலத்தைக் கூட்டுவதற்கு முன், எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று பாருங்கள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்கும் குழாயையும் காட்டாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் உள்ள உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது தெரிகிற மாதிரி நான்கு சக்கரத்தையும் படம் எடுங்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றும்போது எதிர்ப்பக்கத்தைத் தொடாமல் வைத்திருந்தால் பார்த்து மாட்ட வசதி.

ஷூ: நீள லைனிங் எந்தப் பக்கம்?

ஒரு சக்கரத்தின் இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் லைனிங் நீளமாகவும் மற்றதில் குட்டையாகவும் இருக்கும். சிஜே-3பி-யில் ஷூவைத் தாங்கும் இரண்டு ஆங்கர் பின்னும் கீழே இருக்கின்றன, ஆயில் அழுத்தத்தால் ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டர் மேலே. வண்டி முன்னே போகும்போது, முன்பக்க ஷூவை டிரம் மேலிருந்து கீழாக உரசி, தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்கிறது. அதனால் வேலையில் பெரும்பங்கு முன் ஷூவுக்கு. நீள லைனிங் உள்ள ஷூ வண்டியின் முகப்பைப் பார்த்த பக்கம் வர வேண்டும்.

உங்கள் வண்டியில் ஆங்கர் ஒன்றே ஒன்று மேலே இருந்து, கீழே பல் வைத்த அட்ஜஸ்டர் இரண்டு ஷூவையும் இணைத்தால், அது வேறு வகை. அதில் முன் ஷூ பின் ஷூவைத் தள்ளுவதால், நீள லைனிங் பின்பக்கம் போகும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே விதியைப் பிடிக்காமல், ஆங்கர் எங்கே என்று முதலில் பாருங்கள்.

வீல் சிலிண்டர்

இங்கேதான் நான் இரண்டு மாலைப் பொழுதை இழந்தேன். ஏர் எடுக்க எடுக்க, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வெளியேற்ற, பெடல் பஞ்சு மாதிரியே அமுங்கியது. கடைசியில் கடலூர் முதுநகரில் இருந்து வந்த ஒரு பெரியவர், பழைய லாரி மெக்கானிக், குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, நிப்பிள் கீழே இருக்கே, ஏர் எப்படி வெளியே வரும்?” என்றார். இடம் வலம் மாற்றி சிலிண்டரை மாட்டியிருந்தேன். போல்ட் துளைகள் இரண்டு பக்கமும் பொருந்திவிடுவதால் தவறு கண்ணில் படவில்லை. காற்று எப்போதும் மேலே ஏறும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலேயும், ஆயில் வரும் துளை அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போங்கள்.

உள்ளே இருக்கும் ரப்பர் கப்பின் குழிந்த பக்கம், உதடு விரிந்த பக்கம், ஆயிலைப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பி வைத்தால் ஆயில் தாண்டிவிடும்.

மாஸ்டர் சிலிண்டர்

இது தரைத் தகட்டுக்குக் கீழே சேசிஸில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வைக்கும் வரிசை: ஆழத்தில் செக் வால்வு, அடுத்து ஸ்பிரிங், மெயின் கப், பிஸ்டன், வாஷர், சர்க்ளிப், கடைசியில் ரப்பர் பூட். மெயின் கப்பின் உதடு ஸ்பிரிங் பக்கம். எல்லாவற்றையும் புது பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

பெடல் ராடு பிஸ்டனைத் தொடுவதற்கு முன் பெடலில் அரை அங்குலம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வந்தால்தான் கப்புக்கு முன்னால் உள்ள ஊசித்துளை திறக்கும். ஆட்டம் இல்லையென்றால் அந்தத் துளை அடைபட்டு, சூட்டில் விரிந்த ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். மே மாத வெயிலில் நாலு கிலோமீட்டர் போனதும் வண்டி இழுக்கவில்லை என்றால், முதலில் இதைப் பாருங்கள்.

பைப்பும் ஹோஸும்

நம் கடலோரத்தில் இரும்புப் பைப்பை உப்புக்காற்று அரித்துவிடுகிறது. அதற்காக ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயை மாட்டாதீர்கள். அதிர்வில் அது இறுகி, ஒரு நாள் விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. எனக்குப் பிடித்தது அதுதான். பைப் முனையை இரட்டை மடிப்பாக விரித்து ஃபிளேர் செய்ய வேண்டும். நட்டை ஃபிளேர் செய்வதற்கு முன்பே கோத்துவிடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம்.

சேசிஸின் உட்பக்கமாக, சைலன்சரை விட்டு விலகி, அடிக்கு ஒரு கிளிப் போட்டுக் கொண்டுபோங்கள். அசையும் இடத்தில் மட்டும் ரப்பர் ஹோஸ். மாட்டியதும் ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு முனை வரைக்கும் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் இழுபடவும் கூடாது, டயரைத் தொடவும் கூடாது.

ஷூவை அட்ஜஸ்ட் செய்து, ஏர் எடுப்பது

ஏர் எடுப்பதற்கு முன் அட்ஜஸ்ட் செய்யுங்கள். இல்லையென்றால் பெடல் ஆழமாகப் போகும். பேக் பிளேட்டில், அதாவது டிரம்முக்குப் பின்னால் ஷூ மாட்டும் தகட்டில், ஷூவை வெளியே தள்ளும் கேம் போல்டைச் சக்கரம் உரசும் வரை திருப்பி, பிறகு உரசல் நிற்கும் வரை தளர்த்துங்கள். முன் ஷூவுக்குச் சக்கரத்தை முன்னோக்கியும், பின் ஷூவுக்குப் பின்னோக்கியும் சுற்ற வேண்டும்.

டாட் 3 அல்லது டாட் 4 தர பிரேக் ஆயிலைப் புது டப்பாவில் இருந்து ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் தூரமான சக்கரம் பின் இடது. அங்கே தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூடுங்கள். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் வற்றினால் மறுபடியும் முதலில் இருந்துதான்.

பெடல் கல் மாதிரி நின்றதும், ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்கவில்லையென்றால் ஆளில்லாத மைதானத்தில் நடை வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, நான்கு டிரம்மையும் கிட்டே கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தின் கேமைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அன்று இரவு நான்கு சக்கரத்துக்குக் கீழேயும் அட்டை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் மெயின் ரோட்டுக்குப் போகலாம்.