வேலூரில் எல்லாம் திப்பு கத்திதானா?

வேலூரில் யார் வீட்டுப் பரணில் துருப்பிடித்த கத்தி அகப்பட்டாலும், அதற்கு உடனே ஒரு ராஜாவும் அகப்பட்டுவிடுவார். திப்புவின் குடும்பத்தைக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1816 முதல் 1832இல் இறக்கும்வரை இங்கேதான் சிறையிருந்தார். கதைக்குப் பஞ்சமில்லாத ஊர். கிடைத்த இடத்தை வைத்துச் செய்த இடத்தைச் சொல்வதுதான் முதல் தவறு. பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய இரும்புப் பெட்டியிலேயே நேபாளத்துக் குக்ரி வந்திருக்கலாம்.

என் பெரியப்பா 'கண்டி ராஜா கத்தி' என்று ஒன்றைக் காட்டுவார். அகலமான சின்ன அலகு, ஒரு பக்கம்தான் கூர், பிடியில் வெள்ளி. சிங்களரின் 'பிஹா கெத்த' என்ற கத்தியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஏமாறுவது சுலபம். ஆனால் அதில் அலகு பிடியோடு சேரும் இடத்தில் பித்தளையோ வெள்ளியோ பொதிந்து கொடி வேலை செய்திருப்பார்கள். பெரியப்பாவின் கத்தியில் அலகு வெறுமையாக இருந்தது. பிடியின் தலை கிளிமூக்கு. உறையில் சங்கிலி, அதன் நுனியில் காது குடையும் குச்சி! குடகர்கள் இடுப்புக் கச்சையில் முன்பக்கம் செருகும் பீச்செக் கத்தி அது. தாத்தா மடிக்கேரியில் காப்பித் தோட்டத்துக் கணக்கெழுதியவர் என்பது அப்புறம்தான் பெரியப்பாவுக்கு நினைவு வந்தது. ராஜா போனதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

பிடியை மட்டும் பார்த்து ஊர் சொல்வதும் ஆபத்து. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் பிடி நம்மூர் வேலை, அலகு ஐரோப்பாவில் செய்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலைப் பொருள்கள் இருக்கின்றன, ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அரபு எழுத்து இருந்தால் அரபு நாட்டுக் கத்தி என்றும் நினைக்கவேண்டாம். பாரசீகம், உருது, மலாய் எல்லாவற்றையும் அந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அலகில் நீரோட்டம் போலக் கோடு தெரிந்தால் 'டமாஸ்கஸ்' என்பார்கள். அந்தப் பெயர் வாங்கிய எஃகே தென்னிந்தியாவில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவையில், உருக்கி மேற்கே போனதுதான். ஜாவாவின் கிரிஸ் என்ற குத்துவாளில் தெரியும் கோடு வேறு வகை: இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி அடிப்பதால் வருவது.

சரி, இவற்றையெல்லாம் பார்க்கக் கத்தியில் ஏதாவது மிச்சம் இருக்கவேண்டுமே! வீட்டில் முதல் வேலையாகப் புளி போட்டுத் தேய்த்து, உப்புத்தாளால் உரசிப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். துருவோடு கோடும் எழுத்தும் போய்விடும். மெல்லிய துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தால் போதும்.