வேலையை விட்டு நிறுத்தினால்: ஆதாரம் சேர்ப்பதில் செய்யக் கூடாத தவறுகள்

"நாளையிலிருந்து வர வேண்டாம்." பெரும்பாலும் இது வாய்வார்த்தையாகத்தான் வரும். கேட்டில் செக்யூரிட்டி சொல்வார், இல்லையென்றால் சூப்பர்வைசர் போனில் சொல்வார். கேட்டவர் மனம் நொந்து வீட்டுக்குப் போய்விடுவார். எப்படியும் கூப்பிடுவார்கள் என்று இரண்டு மாதம் காத்திருப்பார். அப்புறம் லேபர் ஆபீசில் மனு கொடுத்தால் நிர்வாகம் சொல்லும் பதில் இதுதான்: "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவராகத்தான் வரவில்லை."

என்னைக் கேட்டால், எல்லாத் தவறுகளிலும் பெரியது அந்த இரண்டு மாத மௌனம். மறுநாளே கடிதம் எழுதுங்கள். வக்கீல் பாஷை வேண்டாம். "நேற்று காலை 6 மணி ஷிப்டுக்கு வந்தேன். கேட்டில் உள்ளே விடவில்லை. இன்னார் உத்தரவு என்றார்கள். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், என்னை அனுமதிக்கவும்." தேதியும் கையெழுத்தும் போட்டால் போதும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டதால் ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். ரசீதில் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். மூடிய அந்த உறையே நல்ல சாட்சி.

அடுத்தது கையெழுத்து. செட்டில்மென்ட் செக்கைக் காட்டி நீட்டும் தாள்களுக்கு நடுவே ராஜினாமா கடிதமும் இருக்கலாம். படிக்காமல் போடாதீர்கள். பணம் அவசரம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். மிரட்டி வாங்கிவிட்டார்களா? அன்றே அதை எழுத்தில் மறுத்து அனுப்புங்கள்.

வேலை பார்த்ததையே நிரூபிக்க வேண்டிவரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தொழில் தகராறு வழக்குகளில் ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தாரா என்பது முக்கியமான கணக்கு. அதை முதலில் காட்ட வேண்டியவர் தொழிலாளிதான், வெறும் பிரமாணப் பத்திரம் போதாது என்று 2002இல் ரேஞ்ச் ஃபாரஸ்ட் ஆபீசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. எண், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டையின் இரு பக்கமும் கையில் இருக்கட்டும். சம்பளச் சீட்டும் வருகைப் பதிவும் கம்பெனி ஆப்பில் மட்டும் இருந்தால், லாகினை முடக்கும் முன் இறக்கி வையுங்கள். கையில் காசாகச் சம்பளம் வாங்கியவர்களும் சோர்ந்துபோக வேண்டாம்: ஓ.டி. சீட்டு, ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் குரூப் செய்தி எல்லாம் உதவும். வருகைப் பதிவேட்டை நிர்வாகம் தாக்கல் செய்ய வேண்டும் என்று லேபர் கோர்ட்டில் மனுப் போடவும் மறக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, வெட்டி எடுத்த ஸ்க்ரீன்ஷாட் மட்டும் நிற்காது. அனுப்பியவர் பெயர் மட்டுமில்லாமல் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும், முன்பின் உரையாடலும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு, மின்னணு நகலோடு, அது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்லும் சான்றிதழும் கேட்கிறது. அதனால் அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

சரி, ஆதாரம் வேண்டும் என்பதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வராதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலையோ ரகசியக் கோப்பையோ பென் டிரைவில் எடுத்தால், நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு குற்றச்சாட்டை நீங்களே கொடுத்தவர் ஆவீர்கள். உங்கள் வேலை, சம்பளம், மெமோ சம்பந்தப்பட்டதோடு நிறுத்துங்கள்.

நாள் கணக்கையும் கவனியுங்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வழக்குப் போட 3 ஆண்டு தந்தது. 2025 நவம்பர் 21 அன்று அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 2 ஆண்டு.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தைக் கேட்கிறவர், அந்தக் காலத்தில் தனக்கு வேறு வேலை இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது 2013இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஆகவே நீங்கள் வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள், வந்த மறுப்புகள், இடையில் கிடைத்த கூலி வேலை எதுவானாலும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கிடைத்த கூலியை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்ப யோசிப்பார்கள்.