கடலோர ஊரில் திரை கட்டிப் படம் போடுவது எப்படி

‘சுற்றுச்சூழல் படவிழா’ என்று பேனர் அடித்தால் கடலூரில் யார் வருவார்கள்? போடுகிறவர்களும் அவர்களுடைய நண்பர்களும். சிப்காட் தொழிற்பேட்டை நாற்றத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு, 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30-ல் கரையேறிய தானே புயலையும் பார்த்தவர்களுக்கு, மாசையும் பேரிடரையும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. வேறு ஊர்த் தண்ணீர், வேறு ஊர்க் காடு என்றால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு நல்ல மசாலாப் படமும் இருக்க வேண்டும்.

அதனால் கலந்து போடுங்கள். முதலில் 15–20 நிமிஷ ஆவணப்படம், பிறகு பெரிய படம். ஆவணப்படத்தைக் கடைசியில் வைத்தால் பாய் சுருட்டுகிற சத்தம்தான் கேட்கும். விஜய்யின் ‘கத்தி’ (2014) நிலத்தடி நீர் பற்றிய படம்தான். ஆனால் அப்படிச் சொல்லியா கூட்டம் வந்தது? ‘அன்பே சிவம்’ (2003) வந்தபோது ஓடாமல், டிவியில் பார்த்துப் பார்த்தே ‘கல்ட்’ ஆன, அதாவது ரசிகர்கள் விடாமல் கொண்டாடுகிற, படம். மழை வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரின் கதை என்பதால் நம் பக்கத்துக்கு இன்னும் ஒட்டும். ‘ஆரண்ய காண்டம்’ (2011) என்ற பெயரைப் பார்த்து அதைக் காட்டுப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது வடசென்னை தாதாக்கள் கதை, சான்றிதழும் ‘ஏ’. அந்த மாதிரி கல்ட் படங்களுக்கு மூடிய ஹால், வாசலில் வயது பார்க்க ஓர் ஆள். தெருவில் ‘யு’, ‘யுஏ 7+’ இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். மே மாதம் சூரியன் மறைய 6.30 ஆகும், திரையில் படம் தெரிய 7.00. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆக, கையில் 3 மணி நேரம். ‘கத்தி’, ‘அன்பே சிவம்’ இரண்டும் 2 மணி 40 நிமிஷத்தை ஒட்டியவை. அவற்றோடு ஆவணப்படத்தையும் போட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. இரண்டும் வேண்டுமென்றால் பெரிய படம் 2 மணி 20 நிமிஷத்துக்குள் இருக்கட்டும். மீனவர் குப்பத்தில் விடியற்காலை கடலுக்குப் போகிறவர்களுக்கு 10 மணியே தாமதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியில் திரை கட்டவே வேண்டாம்.

இடம் தேவனாம்பட்டினமோ தாழங்குடாவோ, மணலில் கட்டாதீர்கள். ஜனவரி தொடங்கி பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நடக்கும். கடலை விட்டு உங்கள் புரொஜெக்டர் பக்கம் நடந்தால், காட்டுகிற படத்துக்கு அர்த்தமே இல்லை. ஊருக்குள் கோயில் திடல் போதும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் பேசுங்கள், அடுத்து காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

உரிமை: இலவசக் காட்சி என்றாலும் தயாரிப்பாளரின் எழுத்து அனுமதி தேவை. கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோருக்கு மட்டும் காட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. தெருவுக்கு அது பொருந்தாது. சொந்த ஓடிடி கணக்கிலிருந்து போடுவதும் விதிமீறல். அதோடு ஸ்பிளிட்டர் (ஒரு வீடியோ இணைப்பை இரண்டாகப் பிரிக்கிற பெட்டி) வழியே போனால் பல நேரம் சத்தம் வரும், திரை கறுப்பாகவே நிற்கும்.

இனி திரை. 12 அடி அகலம், 6¾ அடி உயரம் இருந்தால் 80 பேருக்குத் தாராளம். ஃப்ளெக்ஸ் வேண்டாம்: நடுவில் பளபளக்கும், காற்றை விடாது. 90 அங்குல அகல வெள்ளைப் பெட்ஷீட் துணி 4 மீட்டர் வாங்கினால் நடுவில் தையல் விழாது. தார்ப்பாய் கடையில் ஓரம் மடித்து அடிக்கு ஓர் ஐலெட் (கயிறு கோக்கிற உலோக வளையம்) அடித்துத் தருவார்கள். பின்னால் கறுப்புத் துணி கட்டினால் நிறம் வெளுக்காது.

இந்த அளவுத் திரை கிட்டத்தட்ட ஒரு பாய்மரம். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் சுமார் 14 கிலோ எடை இழுக்கிற மாதிரி இழுக்கும். காற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு, 55 கிலோ. சாயங்காலம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். எனவே திரையின் முகம் வடக்கோ தெற்கோ பார்க்கட்டும், காற்று ஓரமாக வழுக்கிப் போகும். 14 அடி சவுக்குக் கம்பு இரண்டு, 3 அடி ஆழத்தில் நட்டு, முன்னும் பின்னும் இழுகயிறு கட்டி மணல் மூட்டையில் முடியுங்கள். மேல் மூலைகளை மட்டும் கயிற்றால் இறுக்குங்கள். மற்ற ஐலெட்களுக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டுகள். திடீர்க் காற்றுக்கு அவை நீண்டு கொடுக்கும், துணி கிழியாது.

புரொஜெக்டரில் வெளிச்ச அளவு ‘ஆன்சி லூமென்’ என்ற தர அளவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் திரைக்கு 3000 வேண்டும். வெறும் ‘9000 லூமென்’ என்று மலிவாக விற்பதை நம்பாதீர்கள். த்ரோ அளவு (தூரம் திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.5 என்றால் திரையிலிருந்து 18 அடியில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் உள்ளே விசிறி நின்று விளக்கு சூடேறும், அதற்காகவே ஒரு யுபிஎஸ். பூச்சிகளுக்கு 50 அடி தள்ளி ஒரு வெள்ளை பல்பு. ஈசல் கிளம்பிவிட்டால் எதுவும் உதவாது, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

ஒலியில் வழக்கமாக நடக்கிற விபத்து இது: பாட்டு கேட்கும், பேச்சு கேட்காது. ஆறு சேனலாகப் பிரித்த 5.1 ஒலியில் வசனம் நடுச் சேனலில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரியும்போது சில செட்டப்களில் அது தொலைந்துபோகும். பிளேயரில் ஸ்டீரியோவுக்குக் கலக்கும் அமைப்பை முந்தின நாளே பாருங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு, எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருக வேண்டும்.

வெளிநாட்டு ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டால் அந்தக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள். இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். தொடக்கத்தில் சரியாக இருந்து, ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிஷம் விலகினால், அது நொடிக்கு 23.976 ஃபிரேமா 25 ஃபிரேமா என்ற குழப்பம். முன்பின் நகர்த்தும் பட்டன் அதற்கு உதவாது, கோப்பின் ஃபிரேம் கணக்கையே மாற்ற வேண்டும்.

படம் முடிந்ததும் துணியை ஈரத்தோடு மடிக்காதீர்கள். உப்புக் காற்றில் இரும்பு ஐலெட் ஒரே வாரத்தில் துருப்பிடித்துத் திரையில் பழுப்பு வளையம் விடும். பித்தளை ஐலெட்டாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். புரொஜெக்டர் ஃபில்டரையும் அன்றே தட்டிவிடுங்கள்.