குழந்தைகளோடு குளிர்கால வார இறுதி: பெருநகரப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு ஆறு. அந்த டிசம்பரில் நான் போட்ட திட்டத்தில் சனிக்கிழமைக்கு மட்டும் நாலு இடங்கள்: மியூசியம், பூங்கா, அக்வேரியம், ராத்திரி விளக்கு அலங்காரம். மியூசியத்தில் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். வெளியே வந்து பூங்காவுக்கு நடக்கும்போது, பாதி உருகிக் கிடந்த பனியில் மகள் கால் வைத்துவிட்டாள். ஷூவுக்குள் தண்ணீர் போய் சாக்ஸ் நனைந்தது. மாற்று சாக்ஸ் ஹோட்டலில், பெட்டிக்குள். பூங்கா வாசலோடு திரும்பினோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய் வந்தாயிற்று. குளிர் நாளில் காரியம் கெடுவது பெரும்பாலும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற வழியில்தான். க்யூவில், பஸ் ஸ்டாப்பில், மெட்ரோ படிக்கட்டில். திட்டம் போடும்போது அந்த நேரத்தை நாம் எழுதுவதே இல்லை.

மேப்பில் பன்னிரண்டு நிமிட நடை என்று வரும். அது பெரியவர் ஒருவர் கையை வீசி நடக்கிற கணக்கு. மூன்று வயதுக் குழந்தை குளிர்கால உடுப்பில் நடந்தால் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதே ஒரு வேலை. ஜாக்கெட், குல்லா, கிளவுஸ், ஷூ என்று ஒவ்வொன்றாக மாட்டி ஜிப்பை இழுத்து முடிக்கிற நேரத்தில் ‘அம்மா, ஒண்ணுக்கு வருது’ என்பாள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஜாக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் டாய்லெட் போய்விட்டு வருவது என்று வழக்கமாக்கிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். உள்ளேயிருந்து வெளியே வர ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் என்று எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் நிற்காது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

அடுத்தது, நம் உடம்பை வைத்துக் குழந்தையின் குளிரை அளப்பது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நடக்கிற நமக்கு வேர்க்கும். அதில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அசையவே இல்லை. அதன் எடையோடு பார்த்தால் தோல் பரப்பு நம்மைவிட அதிகம் என்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறும். காற்றும் சேர்ந்துகொள்ளும். வெப்பநிலை 0 டிகிரியாக இருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது -6 டிகிரி போலப்படும். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே காற்று இன்னும் வேகமாக வீசும். போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ‘எப்படி உணரப்படும்’ என்ற எண்ணையும் பாருங்கள். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குழந்தைகளின் விரல்கள் சாதாரணமாகவே சில்லென்று இருக்கும். பின்கழுத்தில், சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சில்லென்று இருந்தால் உடனே எங்காவது உள்ளே போக வேண்டும். ஈரமாக இருந்தால் உடுப்பு அதிகம்.

அதிகமும் ஆபத்துதான். மெட்ரோவிலும் மியூசியத்திலும் ஹீட்டர் ஓடும். கனமான ஜாக்கெட்டோடு குழந்தையை உள்ளே ஒரு மணி நேரம் வைத்திருந்தால் வேர்த்துவிடும். அந்த ஈரத்தோடு திரும்ப வெளியே போனால் நடுக்கம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் உடம்பை ஒட்டிய உடுப்பு மெல்லிய கம்பளியாகவோ தெர்மலாகவோ இருக்கட்டும். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட, கழற்றி மாட்டச் சுலபமான இரண்டு மெல்லிய அடுக்குகள் நல்லது. உள்ளே நுழைந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், தூங்குகிற குழந்தைக்கும் சேர்த்து. ஸ்ட்ரோலரின் மழை உறையையும் உள்ளே வந்ததும் எடுத்துவிடுங்கள். குளிருக்காக வண்டி முழுவதையும் போர்வையால் மூடுவது வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே சூடேறிவிடும்.

நீளமான மஃப்ளர் ஊஞ்சலிலும் எஸ்கலேட்டரிலும் மாட்டிக்கொள்ளும். தலைவழியாக மாட்டுகிற வளைய மஃப்ளர் வாங்கிவிடுங்கள்.

ஹோட்டல் விஷயத்தில் நான் செய்த தப்பு, வாடகை குறைவு என்று நகரத்தின் ஓரத்தில் அறை எடுத்தது. கோடையில் குழந்தை பூங்காப் புல்லில் படுத்துத் தூங்கிவிடும். குளிர்காலத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது. மதியம் அறைக்குத் திரும்பி, ஈரத் துணியை ஹீட்டர் பக்கத்தில் காயப் போட்டு, ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் சாயங்காலம் என்று ஒன்று இருக்கும். அறைக்கு நாற்பது நிமிடப் பயணம் என்றால் யாரும் திரும்ப மாட்டோம், ‘சமாளிச்சிடலாம்’ என்போம். நாலு மணிக்குக் குழந்தை நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும். பணத்தை ஒரு விஷயத்தில்தான் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால், அறை இருக்கும் இடத்துக்குச் செய்யுங்கள். டிக்கெட்டுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

பகலின் நீளத்தைப் பார்க்காமல் போவதும் உண்டு. டிசம்பர் கடைசியில் லண்டனில் நாலு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் மூன்று மணிக்கு முன்பே. மதியத்துக்கு மேல் பூங்கா என்று எழுதிவைத்தால் இருட்டில்தான் ஊஞ்சலாடுவார்கள். வெளியில் ஓடி ஆடுவதெல்லாம் காலையில், வெயில் இருக்கும்போதே. ஆனால் இதே இருட்டு சின்னக் குழந்தைகளுக்கு ஒரு வரம். கோடையில் விளக்குகள் எரிகிற நேரத்தில் அவர்கள் தூங்கிப்போயிருப்பார்கள். குளிர்காலத்தில் அந்த ஊர்களில் ஐந்து மணிக்கே தெருவெல்லாம் மின்னும். எட்டு மணிக் காட்சிக்குக் காத்திருக்காமல் ஐந்து மணிக்கு ஒரு தெருவை நடந்து பார்த்துவிட்டு அறைக்கு வந்துவிடலாம்.

மழையோ பனியோ வந்தால் மியூசியத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஊரில் உள்ள மற்ற பெற்றோரும் அதையேதான் நினைப்பார்கள். வெளியே குளிரில் நிற்கும் முக்கால் மணி நேர க்யூ அந்த நாளை முடித்துவிடும். கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள், ரத்து செய்ய முடிகிற டிக்கெட்டாக. திங்கட்கிழமையும் தங்குவதாக இருந்தால் எது விடுமுறை என்று முதலிலேயே பாருங்கள். பல நகரங்களில் மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை, பாரிஸின் லூவர் செவ்வாயன்று மூடியிருக்கும்.

ஸ்ட்ரோலரோடு மெட்ரோவில் போகிறவர்கள் எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது என்று பார்த்த பிறகே வழியை முடிவு செய்ய வேண்டும். பாரிஸ் மெட்ரோவின் பழைய லைன்களில் பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. தண்டவாளப் பராமரிப்பை வார இறுதியில் வைத்துக்கொள்ளும் நகரங்களும் உண்டு. வெள்ளி ராத்திரி ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெள்ளி ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் கிளம்பவே வேண்டாம்.

கையில் எடுத்துப் போகிற பையில் ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு ஜோடி கூடுதல் கிளவுஸ், ஈரத் துணியைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர். பெட்டியில் வேண்டாம், இந்தப் பையில்.

கார் சீட்டில் உட்கார வைக்கும்போது உப்பலான ஜாக்கெட்டின் மேல் பெல்ட் போடாதீர்கள். விபத்து நேர்ந்தால் அந்த உப்பல் அமுங்கி, பெல்ட்டுக்கும் குழந்தைக்கும் நடுவே இடைவெளி விழும், குழந்தை நழுவிவிடலாம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஜாக்கெட்டோடு உட்காரவைத்துப் பெல்ட்டை இறுக்குங்கள். பிறகு பெல்ட்டின் நீளத்தை மாற்றாமல், ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். எவ்வளவு தொளதொளப்பு என்று கண்ணாலேயே தெரியும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை உடம்போடு ஒட்டிப் போட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போர்வை மாதிரி முன்பக்கமாகப் போர்த்திவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம், தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு வரும்போது இதைச் செய்யக் கை வராது. அப்போதும் செய்யுங்கள்.