மண்டபத்தில் கழியும் பகலும் அதன் பின் வரும் வழக்கும்

தடையை மீறி மறியலிலோ ஆர்ப்பாட்டத்திலோ கலந்துகொள்பவர்களைத் தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்கமாக வேனில் ஏற்றி, அருகிலுள்ள திருமண மண்டபத்தில் தங்கவைத்து, பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, மதியம் ஒரு சாம்பார் சாதப் பொட்டலமும் கொடுத்து மாலையில் விடுவித்துவிடும். இத்துடன் முடிந்தது என்று எண்ணி வீடு திரும்புவதுதான் பலர் செய்யும் தவறு. அந்தப் பெயர்ப்பட்டியல் முதல் தகவல் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்பதை ஓரிரு நாளிலேயே விசாரித்து அறிய வேண்டும்.

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(ஆ) கூறு தருகிறது. ஆனால் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. சென்னையில் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின் 30(2)-ஆம் பிரிவும் அனுமதி பெறச் சொல்கின்றன. மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அனுமதி மறுத்தால் அதை எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வாதிட அந்தக் காகிதம் வேண்டும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2) பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கிறது. வழிமறித்தலுக்கு 126(2) பிரிவின் கீழ் ஒரு மாதம். அரசு அலுவலரின் உத்தரவை மீறியதாகச் சொல்லும் 223-ஆம் பிரிவில் ஒரு நுணுக்கம் உண்டு: சம்பந்தப்பட்ட அலுவலர் எழுத்துமூலம் புகார் அளித்தால்தான் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க முடியும். இதன் முந்தைய வடிவமான, பழைய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவின் கீழ் காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, அத்தகைய வழக்குகளை ரத்து செய்தது. இதை உங்கள் வழக்கறிஞரிடம் மறவாமல் கேளுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது 132-ஆம் பிரிவுக்கு. தடுப்புவேலி அருகே நடக்கும் ஒரு தள்ளுமுள்ளு, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக எழுதப்பட்டால், இரண்டு ஆண்டு வரை சிறை. பிணையை உரிமையாகக் கேட்கவும் முடியாது. உண்ணாவிரதத்துக்கும் 226-ஆம் பிரிவு இருக்கிறது: அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது அதில் குற்றம். ஆகவே பதாகையில் ‘சாகும் வரை’ என்று எழுதாமல் ‘காலவரையற்ற’ என்று எழுதுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்லவும், உறவினருக்குத் தகவல் தரவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவும் வேண்டும். படித்துப் பார்க்காத தாளிலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவுடன் விண்ணப்பிக்க வழி உண்டு. அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறியல் வழக்கைவிட அதை மறைத்த செயலே சரிபார்ப்பில் பெரிதாக நிற்கும்.