பஜ்ஜிக்கு முன் எண்ணெயைப் பாருங்கள்

ஏற்காடு ஏரிக்கரைக் குளிருக்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிடாமல் கீழே இறங்க மனம் வராது. தாராளமாகச் சாப்பிடுங்கள், வாங்கும் முன் வாணலியை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். எண்ணெய் கறுத்து, கொழகொழவென்று, நுரை அடங்காமல், மாவு போடும் முன்பே புகைந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் போலார் சேர்மங்கள் எனும் சிதைபொருள்கள் கூடும். இவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தயங்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். செய்தித்தாளில் வைத்துத் தந்தால் இலையோ தட்டோ கேளுங்கள். அச்சு மை எண்ணெயில் ஊறி வயிற்றுக்குள் போகும்.

சேலத்துக்குள் வந்தால் தட்டுவடை செட். அதில் வடையைவிடச் சட்னியும் துருவிய கேரட், பீட்ரூட்டும்தான் கவனிக்க வேண்டியவை. மூடி வைத்திருக்கிறார்களா, காசு வாங்கிய கையாலேயே அள்ளுகிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம், ஃப்ரைடு ரைஸ் பார்சல். வெளியே கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாங்கிய 2 மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவெல்லாம் மேசையில் கிடந்ததைக் காலையில் பிள்ளைகளுக்குச் சூடாக்கித் தரவே தராதீர்கள்.